கண் தெரியாத கோழி: மருந்தா, டாக்டரா, கத்தியா?

கறுப்பி அன்று காலை கூட்டுக் கம்பை விட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்ததும் மற்ற நான்கும் வழக்கம்போல என் காலைத் தாண்டி ஓடிவிட்டன. இது மட்டும் கழுத்தை நீட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதையோ காது கொடுத்துக் கேட்பதுபோல் நின்றது. தூக்கிவந்து சோளம் இறைத்த இடத்தில் விட்டேன். கொத்தியது. சோளத்தை அல்ல, அதற்கு இரண்டு விரற்கடை தள்ளிச் சிமெண்டுத் தரையை. டொக், டொக் என்று இரண்டு கொத்து. மூன்றாவதற்குக் குனிந்த தலை பாதியிலேயே நின்றுவிட்டது.

அரை மணி நேரத்துக்குள் நாலு யோசனை வந்தாயிற்று. எஸ்டேட்டில் காலமெல்லாம் கோழி வளர்த்த பெரியம்மா, "கண்ணு போன கோழி நிக்காதுடா. சதை இருக்கும்போதே அறுத்திரு" என்றார். மனைவி கிளினிக்குக்குக் கொண்டு போகலாம் என்றாள். தீவனக்கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) போனில் கேட்டால், தண்ணீரில் கலக்கும் மஞ்சள் பவுடர் ஒரு பாக்கெட் எடுத்து வைக்கிறேன், வா என்றார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், வேலிக்கு மேலாக ஒரு கண் சொட்டு மருந்தை நீட்டினார். அவர் கணவருக்குக் கண்புரை எடுத்தபோது மிஞ்சியதாம்.

நாலும் நல்லெண்ணம்தான். நாலும் ஏதோ ஒரு கோழிக்குச் சரியாகவும் இருக்கும். எந்தக் கோழிக்கு எது என்பதில்தான் சிக்கல். நான் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தாமான் (குடியிருப்பு) முனை வீட்டுக்காரன். 2022 கடைசியில் ஒரு தட்டு முட்டைக்குக் கடை கடையாக அலைந்த பிறகு கோழி வளர்க்க ஆரம்பித்தவன். பண்ணைக்காரனும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் மூன்று கோழிகளுக்குக் கண் கெட்டு, மூன்றுக்கும் மூன்று விதமாக முடிவெடுத்திருக்கிறேன். அதில் ஒன்று தப்பு.

'திடீரென்று' என்று சொல்வதற்கு முன்

கோழிக்குக் கண் தலையின் இரு பக்கத்திலும் இருக்கிறது. வலது கண் ஓர் உலகத்தைப் பார்க்கும், இடது கண் இன்னொன்றை. இரண்டும் சேர்ந்து பார்ப்பது அலகுக்கு முன்னால் இருக்கிற கொஞ்ச இடத்தை மட்டும்தான். அதனால் ஒரு கண் போன கோழி தலையை அடிக்கடி திருப்பித் திருப்பியே சமாளித்துக்கொள்ளும். மேயும், முட்டையிடும், சண்டைகூடப் போடும். நமக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது கண்ணும் போகிற அன்றுதான் "நேற்றுவரை நன்றாக இருந்ததே" என்று அலறுவோம்.

கறுப்பிக்கும் அதுதான் நடந்தது. பின்னால் யோசித்துப் பார்த்தால், ஒரு மாதமாகவே நான் இடது பக்கமாக வந்து தூக்கினால் துள்ளி விழுந்தது, வலது பக்கமாக வந்தால் பேசாமல் இருந்தது. கோபக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

நிஜமாகவே ஒரே ராத்திரியில் பார்வை மறைவதும் உண்டு. நாயோ பூனையோ விரட்டி வேலியில் தலை மோதியிருக்கலாம். சீழ் காய்ந்து இரண்டு இமையும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அம்மைக் கொப்புளம் வீங்கி இரண்டு கண்ணையும் மூடியிருக்கலாம். இவற்றில் பல திரும்பி வரக்கூடியவை. ஆகவே கத்தியைத் தீட்டுவதற்கு முன், மருந்தைத் திறப்பதற்கு முன், கோழியை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். காலையில் பாருங்கள். பொழுது சாய்ந்தால் எல்லாக் கோழிக்கும் மாலைக்கண்தான், அப்போது சோதித்துப் பயனில்லை.

கையை வேகமாக ஆட்டிப் பார்க்காதீர்கள். காற்றுப் பட்டாலே குருட்டுக் கோழியும் சிலிர்க்கும். ஒரு விரலை மெதுவாக, சத்தமில்லாமல், பக்கவாட்டில் கண்ணுக்கு நேரே கொண்டு போங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக. டார்ச் அடித்துக் கண்ணின் பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பது மனிதருக்குச் சரி. கோழிக்கு அந்தத் தசை ஓரளவு அதன் இஷ்டப்படி இயங்குவது, அதனால் டார்ச் சொல்லும் பதிலை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் வேறு விஷயங்கள் தெரியும். பாப்பா வட்டமாக இருக்கிறதா, ஓரம் கடித்த அப்பளம்போல் இருக்கிறதா? அதைச் சுற்றியுள்ள வளையம் இரண்டு கண்ணிலும் ஒரே ஆரஞ்சு நிறமா, ஒன்றில் சாம்பல் பூத்திருக்கிறதா? உள்ளே வெள்ளையாகப் புரை தெரிகிறதா? மூலையில் சோப்பு நுரைபோல் குமிழி இருக்கிறதா? முகம் வீங்கியிருக்கிறதா? மூக்கருகே முகர்ந்தால் நாறுகிறதா? அப்புறம், எத்தனை கோழிக்கு இப்படி? ஒன்றுக்கா, இரண்டு மூன்றுக்கா?

வீட்டிலேயே உப்புத் தண்ணீர்: எப்போது போதும்

ஒரே ஒரு கோழி, ஒரே ஒரு கண், லேசாக நீர் வடிகிறது, முகம் வீங்கவில்லை, தின்கிறது என்றால் என் முதல் ஓட்டு இதற்குத்தான். பார்மசியில் விற்கும் சலைன் பாட்டில் வாங்கலாம். இல்லையென்றால் கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் 4.5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. வெதுவெதுப்பாக இருக்கும்போது நனைத்த பஞ்சை இமை மேல் வைத்து ஊறவிட்டு, பிறகு கண்ணில் ஊற்றிக் கழுவ வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை. கோழியைத் தனிக்கூண்டில், நிழலில், தண்ணீர் எட்டும் இடத்தில் வையுங்கள். தூசியோ கீறலோ காரணம் என்றால் இரண்டு நாளில் வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால் மூன்றாம் நாள் கழுவிக்கொண்டு உட்காராதீர்கள். அங்கேதான் இந்த வழி முடிகிறது.

இதில் ஒரு கிளை வழி, கண்ணை விட்டுவிட்டுக் கூட்டைக் கழுவுவது. நம் ஊரில் மழை மாதங்களில் உமி ஈரமாகிவிடும். எச்சத்தில் இருந்து அம்மோனியா கிளம்பும். அது கருவிழியின் மேல் தோலையே அரித்துவிடும். கோழி வெளிச்சம் பார்க்க மாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டு இறக்கையில் தேய்த்துக்கொண்டே இருக்கும், தோள் இறகு ஈரமாக ஒட்டிக் கிடக்கும். பல கோழிக்கு ஒரே நேரத்தில் வரும். நிமிர்ந்து நின்றால் நமக்கு நாற்றம் தெரியாது. கூட்டுக்குள் கோழியின் உயரத்துக்குக் குந்தி, ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் மருந்துக் கடைக்குப் போக வேண்டாம், மண்வெட்டியை எடுங்கள். கூட்டுக்குள் கொசுவத்தி கொளுத்துவது, வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அப்படியே கோழிக்கும் காட்டுவது, இவையும் கண்ணுக்கு ஆகாது. புகைமூட்டக் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

சோறும் ரொட்டியும் மட்டும் தின்று வளரும் கோழிக்கு வைட்டமின் ஏ குறையும். இமைக்குள் பன்னீர்க் கட்டிபோல் வெள்ளையாகத் திரளும். இதற்குச் சரியான மருந்து தட்டில் இருக்கிறது. நல்ல தீவனம், பப்பாளி, பின் வாசலில் நிற்கிற முருங்கையின் இலை, சோற்றில் ஒரு துளி சிவப்புப் பாமாயில். பழைய தீவன மூட்டை வெயிலில் கிடந்தால் வைட்டமின் போய்விடும், மலிவு என்று மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்காதீர்கள். ஆனால் திரண்டு இறுகிய கட்டியை நகத்தால் நோண்டி எடுக்காதீர்கள். அது டாக்டர் வேலை.

நந்தியாவட்டைப் பூவைப் பிழிவது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் தடவுவது எல்லாம் பெரியம்மா பட்டியலில் உண்டு. அவர் சொன்னதற்காக ஒருமுறை விளக்கெண்ணெய் போட்டேன். அடுத்த நிமிடமே கோழி மண் குளியலுக்குப் போய், எண்ணெயில் ஒட்டிய மண்ணோடு திரும்பி வந்தது. சரி, அது அத்தோடு போகட்டும்.

கடை மருந்து: நான் தப்பு செய்த இடம்

முதல் கோழி செவலை. இடது கண்ணில் நீர், பாதி மூடிய இமை, தரையில் கண்ணைத் தேய்ப்பது. பார்மசியில் கோழிக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு எனக்கு என்று சொல்லி ஒரு ஆன்டிபயாடிக் சொட்டு வாங்கினேன். எட்டு நாள் விட்டேன். முதல் இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது, பிறகு கண் மேல் பால் படர்ந்ததுபோல் வெளுத்தது. ஒன்பதாம் நாள் கிளினிக்கில் டாக்டர் மரத்துப்போகும் சொட்டை விட்டு, கோழிக்கே உரிய அந்த மூன்றாவது இமையை, கண்ணின் முன் மூலையில் இருந்து கண்ணாடிக் கதவுபோல் இழுத்து மூடுமே அதை, சின்ன இடுக்கியால் தூக்கினார். அதன் அடியில் வெள்ளை நூல் துண்டுகள். ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். ஈரத்தில் பளபளத்தன. அப்புறம் அவை நெளிந்தன.

கண் புழு. ஒக்சிஸ்பிருரா மான்சோனி என்று பெயர். நம்மைப் போன்ற வெப்ப ஊர்களில்தான் இது அதிகம். இதற்கு ஒரு கரப்பான் பூச்சி வேண்டும். சமையலறைக் கரப்பான் அல்ல, பூந்தொட்டிக்கு அடியிலும் மக்கிய இலைக்குள்ளும் மண்ணைத் தோண்டி வாழும் சுரினாம் கரப்பான். புழுவின் முட்டை கோழியின் கண்ணீரோடு தொண்டைக்கு இறங்கி எச்சத்தில் போகும், அதைக் கரப்பான் தின்னும், கரப்பானைக் கோழி தின்னும். குஞ்சுப் புழு தீனிப்பையில் இருந்து தொண்டை வழியாக மேலேறி, கண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து கண்ணுக்கு வந்து சேரும். இந்தப் புழுவை எந்த ஆன்டிபயாடிக் சொட்டும் ஒன்றும் செய்யாது. எட்டு நாளும் நான் புழுவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். புழுவை எடுத்தார்கள், கண்ணில் தழும்பு நின்றுவிட்டது. எனக்கு ஆன செலவு 85 வெள்ளி (ரிங்கிட்). முதல் நாளே போயிருந்தாலும் அதே 85 வெள்ளிதான், கண்ணாவது மிஞ்சியிருக்கும். அந்த வாரமே தொட்டிகளை எல்லாம் கோழி போகாத பக்கத்துக்கு மாற்றினேன். ஒவ்வொன்றையும் தூக்கியபோது அடியில் இருந்து ஓடியதை எண்ணவில்லை.

கடை மருந்தில் இன்னும் இரண்டு ஆபத்து உண்டு. கண் சொட்டுகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், கண்புரை அறுவைக்குப் பின் கொடுப்பது பெரும்பாலும் அந்த வகை. கருவிழியில் புண் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆறாமல் குடைந்துகொண்டே போகும். மக்சிக்கின் பாட்டிலை நான் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தது இதனால்தான். அடுத்தது குளோராம்பெனிகால். மனிதருக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற கண் மருந்து. உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கு இதைக் கொடுக்க மலேசியாவில் தடை. நீங்கள் அந்தக் கோழியை அறுக்கப் போவதில்லை என்றாலும் முட்டையைத் தின்பீர்கள்தானே?

தவுக்கேயின் பவுடரை நான் முழுதாக ஒதுக்க மாட்டேன். முகம் வீங்கி, மூக்கில் ஒழுகி, நாற்றம் அடிக்கிற கொரைசாவுக்கும், கண் மூலையில் நுரை கட்டி நாள்பட இழுக்கும் மைக்கோபிளாஸ்மாவுக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் எது, எத்தனை கிராம், எத்தனை நாள், அதற்குப் பின் எத்தனை நாள் முட்டையைத் தூக்கிப் போட வேண்டும் என்பதைச் சொல்ல ஒருவர் வேண்டும். நோய்ப்பட்ட கோழி தண்ணீர் சரியாகக் குடிக்காது, கண் தெரியாதது தண்ணீரையே கண்டுபிடிக்காது. ஆகக் குடத்தில் கலந்த மருந்து போய்ச் சேர்வது நோயில்லாத கோழிகளுக்கு. இந்த இரண்டு நோயிலும் கோழி தேறினாலும் கிருமி உள்ளே தங்கிவிடும், புதுக்கோழி வாங்கிச் சேர்த்தால் அதற்கு ஒட்டும் என்பதையும் தவுக்கே சொல்ல மாட்டார். அவர் புதுக்கோழியும் விற்கிறார்.

டாக்டர்: 85 வெள்ளி யாருக்கு மதிப்பு

ஒரு கோழியின் விலை 35 வெள்ளி. வைத்தியத்துக்கு 85 வெள்ளியா என்று கேட்பவர்களுக்கு என் பதில், நீங்கள் வாங்குவது ஒரு கோழியின் கண்ணை அல்ல, மற்ற நான்கு கோழிக்கும் என்ன வரப்போகிறது என்ற விவரத்தை. கருவிழியில் புண் இருக்கிறதா என்பதை வீட்டில் பார்க்க வழியே இல்லை. அவர்கள் ஆரஞ்சுச் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல விளக்கில் பார்ப்பார்கள், புண் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். அந்த ஒரு சொட்டு எந்த மருந்து விடலாம், எது கூடாது என்பதைத் தீர்த்துவிடும்.

போவதற்கு முன் போன் செய்யுங்கள். பல கிளினிக்குகளில் நாய், பூனை மட்டும்தான். முதன்முறை நான் பெட்டியில் கோழியோடு போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் பறவை பார்ப்பதில்லை என்றார்கள். அதற்குள் வரிசையில் இருந்த ஒரு பூனை பெட்டியையே வெறித்துப் பார்த்துப் பார்த்து, செவலைக்கு மற்றக் கண்ணும் போயிருக்கும். கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. வட மாநிலங்களில் செத்த கோழியைச் சோதித்துக் காரணம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கால்நடைச் சேவைத் துறையிடம் கேட்கலாம், ஈப்போவில் அவர்களின் கால்நடை ஆய்வு நிலையமே இருக்கிறது.

ஒரு நிலைமையில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. முகம் வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து, கழுத்து முறுக்கி, ஒன்றிரண்டு நாளில் பல கோழி சாகிறதென்றால் கழுவவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம், தோட்டத்தில் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் வேண்டாம். துறைக்கு உடனே சொல்லுங்கள். 2006-இல் பறவைக் காய்ச்சல் பினாங்குக்கும் வந்திருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் என்று நம் ஆட்கள் சொல்லும் நியூகாசில் நோயும் இப்படிக் கண்ணிலும் முகத்திலும் வீக்கம் காட்டும், அந்தக் கிருமி மனிதர் கண்ணிலும் சிவப்பு வரவழைக்கும். எந்தக் கோழியின் கண்ணைத் தொட்டாலும் உங்கள் கண்ணைத் தொடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

காத்திருந்தால் திரும்பும் பார்வை

இரண்டாவது கோழி புள்ளிச்சி. நவம்பர் மழையில் கொசு பெருகிய நேரம். கொண்டையில் இரண்டு மரு, பிறகு இமையில், ஐந்தாம் நாள் இரண்டு கண்ணும் காய்ந்த கருப்புப் பொருக்கால் மூடிவிட்டது. பார்க்கக் கோரமாக இருந்தது. கோழி அம்மை. கொசு கடித்துப் பரவுவது. கண்ணுக்குள் ஒன்றும் இல்லை, கதவு மட்டும் மூடியிருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது, வேண்டியதும் இல்லை. மூன்று நாலு வாரத்தில் பொருக்கு தானாக உதிரும். பிய்த்தால் ரத்தம், தழும்பு, பரவல். அந்தக் காலம் முழுக்க நாம்தான் அதற்குக் கண். நனைத்த தீவனத்தை அலகில் ஊட்டி, தண்ணீரில் அலகு நுனியைத் தொட்டுக் காட்டி, இரவில் வலை போட்டு வைத்தேன். வாய்க்குள் மஞ்சள் படலம் வந்து மூச்சுத் திணறினால் மட்டும் டாக்டரிடம் ஓட வேண்டும், அது அம்மையின் கொடிய வகை. புள்ளிச்சிக்கு 24 நாளில் ஒரு கண் திறந்தது, மறுநாள் இன்னொன்று. அன்று பெரியம்மா பேச்சைக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லாததற்குக் கோழியை அறுத்திருப்பேன்.

வைத்துக்கொள்வதா, முடித்துவிடுவதா

கறுப்பிக்குத் திரும்புகிறேன். டாக்டர் பார்த்துச் சொன்னது: இடது கண் வளையம் சாம்பல் பூத்து, பாப்பா கோணலாகிவிட்டது, அது பழைய சேதம். வலது கண்ணிலும் அதே தொடங்கியிருக்கிறது. மேரக்ஸ் நோய் என்றுதான் சந்தேகிக்க வேண்டும். 1907-இல் ஹங்கேரிக்காரர் யோசெஃப் மேரக் எழுதி வைத்த வைரஸ் நோய். வந்த பின் வைத்தியம் இல்லை. தடுப்பூசி குஞ்சு பொரித்த முதல் நாளே போட வேண்டியது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் கலர் கலராக விற்ற குஞ்சுகளில் ஒன்றுதான் கறுப்பி, ஊசி போட்டதா என்று நான் அப்போது கேட்கவில்லை. வைரஸ் இறகுத் தூசியில் பரவுவதால் மற்ற நான்கும் ஏற்கெனவே சுவாசித்தாயிற்று. இப்போது பிரித்து வைத்துப் பலனில்லை என்றார். ஆக முடிவு மருந்தைப் பற்றியது அல்ல.

கத்தி வேண்டாம் என்று நான் கொள்கை பேசவில்லை. வலியில் துடிக்கும், தின்னாத, எழுந்து நிற்காத கோழியை "பாவம், உயிர்" என்று இரண்டு வாரம் இழுத்தடிப்பதைவிடப் பழகிய கை ஒரு நொடியில் முடிப்பது கருணை. ஆனால் அதைக் குழம்புக்கு என்று சேர்த்துப் பார்க்காதீர்கள். என்ன நோய் என்று தெரியாத கோழி, மருந்து ஏறிய கோழி, இரண்டும் சட்டிக்கு ஆகாது. கிளினிக்கில் ஊசி போட்டு முடித்தால் அந்த உடலை நாய்க்குக்கூடப் போடக் கூடாது, மருந்து உடலில் அப்படியே இருக்கும். பெரியம்மாவுக்கு இதில் ஒரு விஷயத்தில் மட்டும் என்னோடு ஒத்த கருத்து. முனியாண்டிக்கு நேர்ந்துகொள்ள முழுசான கோழிதான் வேண்டுமாம், குறைப்பட்டதைக் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாதாம்.

வைத்துக்கொள்ள முடியுமா என்பதைக் கோழியைப் பார்த்து மட்டும் முடிவு செய்யவில்லை, வீட்டைப் பார்த்தும் முடிவு செய்தேன். பகலில் வீட்டில் ஆள் உண்டா? மற்றக் கோழிகள் கொத்துமா? தட்டும் தண்ணீரும் ஒரே இடத்தில் நிற்குமா? காலை ஆறரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வருகிற வீடு என்றால் நானே டாக்டரிடம் ஊசி போடச் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டில் பெரியம்மா இருக்கிறார்.

மூன்று நாள் கெடு வைத்தோம். கனமான மண் சட்டியில் தீவனம், பக்கத்திலேயே தண்ணீர். இரண்டையும் சுற்றிக் கரடான சாக்குத் துண்டு விரித்தோம், காலில் சாக்குப் பட்டால் சாப்பாடு அருகில் என்று தெரிய. நகத்தால் சட்டி விளிம்பைத் தட்டினோம். கோழி சத்தத்தைக் கொத்தும், தாய்க்கோழி குஞ்சுக்குத் தட்டிக் காட்டுவதும் இப்படித்தான். முதல் நாள் சாயங்காலம் கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டால் காலிப் பலூன்போல் இருந்தது. கையால் ஊட்டினேன். இரண்டாம் நாள் பாதி. மூன்றாம் நாள் சாயங்காலம் எலுமிச்சம்பழம் அளவு உருண்டையாக, கெட்டியாக இருந்தது. அதுதான் எனக்குத் தீர்ப்பு. மூன்றாம் நாளும் காலியாக இருந்திருந்தால் முடிவு வேறு.

இப்போது கறுப்பிக்கு உயரக் கம்பு கிடையாது, தரையோடு ஒரு செங்கல் அகலத்தில் பலகை. துணைக்குச் சாதுவான புள்ளிச்சி மட்டும். தொடுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும். மண் குளியல் சரியாகப் போடுவதில்லை, வாரம் ஒருமுறை இறகுக்கடியில் பேன் பார்க்கிறோம். அலகும் நகமும் தேயாமல் வளர்கின்றன, வெட்ட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு இருபது நிமிடம். ஒப்பிடும்போது இந்த இருபது நிமிடத்தை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், செலவு என்றால் வெள்ளியைத்தான் நினைக்கிறோம்.

முட்டை? வைக்கிறது. கோழி நாள் நீளத்தை அறிவது கண்ணால் மட்டும் அல்ல, மண்டையோட்டின் வழியாக ஊடுருவும் வெளிச்சத்தை மூளையின் உள்ளே இருக்கிற அணுக்களே உணர்கின்றன. பினாங்கில் வருடம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம். கறுப்பி வாரத்துக்கு நாலு முட்டை, சாக்கின் மேலேயே.

இதுவும் எவ்வளவு நாள் என்று யாரும் உறுதி தரவில்லை. மேரக்ஸ் கண்ணோடு நிற்காமல் நரம்புக்குப் போகலாம், ஒரு காலை முன்னும் இன்னொன்றைப் பின்னும் நீட்டிக் கோழி படுத்துவிட்டால் அதுதான் அடையாளம் என்று டாக்டர் காட்டியிருக்கிறார். அப்படிப் படுத்த அன்றே கொண்டு போவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம், பெரியம்மாவும் சரி என்றார். கிளினிக் எண் குளிர்பெட்டிக் கதவில், முட்டைத் தேதி எழுதும் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றி, டார்ச் அடித்து, இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்க்கிறேன்.